வெளிநாட்டு ரெசிடென்சிக்குச் செல்லும் இசையமைப்பாளருக்கு: விண்ணப்பம் முதல் ஊர் திரும்பும் நாள் வரை

வெளிநாட்டில் ஆறு வாரமோ ஓராண்டோ தங்கி எழுத இடமும் நேரமும் தரும் ரெசிடென்சித் திட்டங்களுக்கு நம் இசையமைப்பாளர்கள் விண்ணப்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான் இருமுறை சென்றேன்: ஒருமுறை அமெரிக்காவில் காட்டுப்பகுதிக்கு, மறுமுறை ஜெர்மனியில் பெருநகருக்கு. எனக்குப் பின் சென்ற இளையவர்கள் சிலருக்குத் தயாரிப்பில் உதவியிருக்கிறேன். என்னென்ன செய்யவேண்டும் என்பது அவர்கள் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தே இருந்தது. எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில்தான் தவறினார்கள். அதனால் கீழே உள்ளவற்றை எண்வரிசைப்படியே செய்யுங்கள்.

1. எழுதப்போவதை முடிவு செய்தபின் இடத்தைத் தேடுங்கள்

ரெசிடென்சி என்ற ஒரே பெயரில் வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்ற சிற்றூரில் உள்ள மெக்டவல், ஒருவருக்கு அதிகபட்சம் ஆறு வாரம் தருகிறது. ஸ்டுடியோக்கள் மரங்களுக்கு நடுவே தனித்தனியாக நிற்கின்றன. மதிய உணவைக் கூடையில் வைத்து வாசலில் விட்டுச் செல்வார்கள். அழைக்காமல் யாரும் யாருடைய ஸ்டுடியோவுக்கும் போகக்கூடாது. ஒருவர் தனியே உட்கார்ந்து எழுதுவதற்கென்றே அமைந்த ஏற்பாடு இது. எழுதியதை உடனே வாசித்துக்காட்ட ஒரு வாத்தியக் குழு காத்திருக்கும் என்று எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

பெர்லினில் டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு நடத்தும் கலைஞர் திட்டம் இதற்கு நேர்மாறானது. ஏறத்தாழ ஓராண்டு நகரத்தில் குடியிருந்து, அங்குள்ள வாத்தியக் குழுக்களையும் அரங்குகளையும் நீங்களே தேடிப் பழகவேண்டிய வாழ்க்கை அது. சுவீடனின் கோட்லாந்து தீவில் விஸ்பி நகரத்தில் இசையமைப்பாளர்களுக்கென்றே ஒரு சர்வதேச மையம் இருக்கிறது. மின்னணு இசையில் வேலை செய்பவர்களுக்கு அங்குள்ள ஸ்டுடியோக்கள் பொருந்தும். பாரிஸில் உள்ள சித்தே இன்டர்நேஷனல் தேஸ் ஆர் பெரிய கலைஞர் குடியிருப்பு; ஏதேனும் ஒரு நிறுவனம் உங்கள் செலவை ஏற்காவிட்டால் மாதக் கட்டணத்தை நீங்கள்தான் செலுத்தவேண்டும். இத்தாலியின் உம்பிரியாவில் ஒரு பழைய கோட்டையில் நடக்கும் சிவிடெல்லா ரனியேரிக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அவர்கள் அமைத்திருக்கும் பரிந்துரையாளர் ஒருவர் உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும்.

ஆகவே முதல் கேள்வி, எழுதப்போவது எது என்பதுதான். நீண்ட ஸ்கோர் (எல்லா வாத்தியங்களுக்குமான முழு இசைக்குறிப்பு) ஒன்றை முடிக்கவேண்டியவருக்குக் காட்டுப்பகுதி ஏற்றது. வாத்தியக்காரர்களோடு முயன்று பார்த்து எழுதவேண்டியவருக்கு நகரம் வேண்டும். இதை முடிவு செய்யாமல் கண்ணில் பட்ட எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. தங்குமிடம், உணவு, பயணச்செலவு, மாதப்பணம் ஆகிய நான்கில் எவை தரப்படும், எவை தரப்படமாட்டா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. விண்ணப்பத்தில் ஒலிப்பதிவே முதலில் பேசும்

தேர்வுக்குழுவினர் ஒரு பதிவுக்குச் சில நிமிடங்களே ஒதுக்குவார்கள். உங்கள் படைப்பின் உயிரான இடம் ஏழாவது நிமிடத்தில் வருகிறது என்றால், அந்த இடத்திலிருந்து தொடங்கும் ஒரு பகுதியை வெட்டி அனுப்புங்கள். எந்தப் பாரிலிருந்து (இசைக்குறிப்பில் இரு குறுக்குக்கோடுகளுக்கு நடுவே உள்ள தாளப் பகுதி) தொடங்குகிறது என்பதை ஸ்கோரிலும் குறித்துவிடுங்கள். ஆலாபனை போல மெல்ல விரியும் தொடக்கம் கச்சேரியில் அழகாக இருக்கலாம். அதை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடும் ஒருவருக்கு மீதி தெரிய வாய்ப்பே இல்லை.

சினிமா, விளம்பர வேலையிலிருந்து வருபவர்கள் கணினி நூலகத்து வயலின்களால் செய்த பளபளப்பான பதிவை அனுப்பிவிடுகிறார்கள். நான்கு பேர் ஓர் அறையில் வாசித்து, கைப்பேசியில் பதிவானது அதைவிட மேல். கேட்பவர் அறிய விரும்புவது நீங்கள் மனிதக் கைகளுக்கும் மூச்சுக்கும் எப்படி எழுதுகிறீர்கள் என்பதையே. ஒலித்தரத்தில் உள்ள குறையை அவரால் கடந்து கேட்க முடியும்.

திட்டக் குறிப்பில் கிழக்கும் மேற்கும் சங்கமிப்பதாக எழுதாதீர்கள். அந்த வாசகம் எல்லா விண்ணப்பத்திலும் இருக்கிறது, எதையும் சொல்வதில்லை. எத்தனை நிமிடம், எந்தெந்த வாத்தியம், எவ்வளவு எழுதி முடித்தாயிற்று, மீதி என்ன, அதற்கு ஏன் இந்த இடம் தேவை: இந்த ஐந்துக்கும் விடை இருந்தால் ஒரு பக்கம் போதும். ராகத்தின் பெயரைச் சொல்லும்போது, அது அந்தப் படைப்பில் செய்யும் வேலையை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்; பெயர் மட்டும் அவர்களுக்கு எதையும் உணர்த்தாது.

3. அழைப்புக் கடிதம் வந்தவுடன் விசா, காப்பீடு, பணம்

கடிதம் கிடைத்த மகிழ்ச்சியில் எழுத உட்கார்ந்துவிடாமல், முதல் வாரத்தில் தாள் வேலைகளைத் தொடங்குங்கள். ஷெங்கன் நாடுகளுக்கான (ஒரே விசாவில் செல்லத்தக்க ஐரோப்பிய நாடுகள்) குறுகியகால விசாவில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். 90 நாட்களைத் தாண்டும் ரெசிடென்சி என்றால் அந்தந்த நாட்டின் நீண்டகால விசா வேறு. அதற்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ பிடிக்கும். அமெரிக்காவுக்கு எந்த வகை விசா என்பதை அழைக்கும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள். நண்பர் ஒருவர் கச்சேரிக்குப் போனபோது எடுத்த விசாவைப் பின்பற்றாதீர்கள்.

கடிதத்தில் தங்கும் தேதிகள், இடம், எந்தச் செலவை யார் ஏற்கிறார்கள், பணம் தரப்படுகிறதா என்பவை தெளிவாக இருக்கவேண்டும். ஒன்று விடுபட்டாலும் திருத்திய கடிதம் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குத் தயங்கவேண்டியதில்லை, அவர்களுக்கு இது பழகிய வேலை. மாதப்பணம் நீங்கள் போய்ச் சேர்ந்து, வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகே கைக்கு வரலாம் என்பதால் முதல் மாதச் செலவுக்கு உங்கள் பணத்தை வைத்திருங்கள்.

4. வாத்தியமும் மின்சாரமும்

எந்த வாத்தியத்தை எடுத்துச் செல்வது என்பதைப் படைப்பே தீர்மானிக்கட்டும். ஆறுதலுக்காக எடுத்துச் செல்லும் வாத்தியம் சுமையாகிவிடும்.

பழைய வீணைகளில் தந்த வேலைப்பாடு இருக்கும். யானைத் தந்தம் சர்வதேச வணிகத் தடைப்பட்டியலில் உள்ள பொருள். அத்தகைய வீணையோடு எல்லையைக் கடக்க முயலவே கூடாது. தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வேறு வீணையை எடுத்துச் செல்லுங்கள். ஈட்டி, நூக்கம் ஆகியவற்றின் மர இனமான டால்பெர்ஜியா முழுவதும் 2017 ஜனவரி முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. பிரேசில் நாட்டு ஈட்டி வகைக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. தோல் வாத்தியங்களைப் பொறுத்தவரை சேருமிடத்துச் சுங்கத்துறைக்கு முன்கூட்டியே எழுதி விடை பெறுவது நல்லது.

புறப்படும்போது நம் விமான நிலையத்துச் சுங்கப் பிரிவில் வாத்தியத்தையும் விலையுயர்ந்த மைக், ஒலிக்கருவிகளையும் காட்டி ஏற்றுமதிச் சான்று பெறுங்கள். திரும்பி வரும்போது அவை வெளிநாட்டில் வாங்கியவை அல்ல என்று நிரூபிக்க அந்த ஒரு தாள்தான் உங்களிடம் இருக்கும். கருவிகள் அதிகம் என்றால் ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் இருக்கிறது; இந்தியாவில் அதை வழங்குவது ஃபிக்கி என்ற வணிக, தொழில் கூட்டமைப்பு. அது ஓராண்டுக்கு மேல் செல்லாது.

மின்சாரத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவில் நம்மைப் போலவே 230 வோல்ட், பிளக் மட்டும் வேறு. அமெரிக்காவில் 120 வோல்ட். நம் ஊரில் வாங்கிய மின்சாரச் சுருதிப்பெட்டி அங்கே பலமிழந்து முனகும், அல்லது ஓடவே ஓடாது. மடிக்கணினி, ஒலி இடைமுகம் ஆகியவற்றின் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி போதும்.

குளிர்காலம் என்றால் ஈரப்பதத்தைக் கவனியுங்கள். சூடேற்றிய அறையில் காற்று மிக வறண்டுவிடும். ஒரு ஜனவரி இரவு பெட்டிக்குள்ளிருந்து சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. திறந்து பார்த்தேன்; வீணைக் குடத்தில், விரல் நீளத்துக்கு, மயிரிழை போன்ற வெடிப்பு. கடலோர ஈரக்காற்றில் இருபது ஆண்டுகள் இருந்த பலாமரம் அது. ரேடியேட்டருக்கு அருகே பெட்டியை வைத்தது என் தவறு. அறையின் உட்சுவர் ஓரமாக வையுங்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் பைகளைப் போடுங்கள். முதல் வாரம் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். மிருதங்கத்தில் அதே வறட்சி தோலை இறுக்கிச் சுருதியை ஏற்றிவிடும்.

5. பாதி எழுதிய படைப்போடு புறப்படுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். வெறுங்கையோடு சென்றவர்களையும் பார்த்தேன், முடித்த படைப்போடு சென்றவர்களையும் பார்த்தேன். வெறுங்கையோடு சென்றவர் முதல் மூன்று வாரம் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துக்கொண்டு சென்றவருக்கு அந்த இடம் எதையும் தர முடியவில்லை, ஏனெனில் எதையும் பெற்றுக்கொள்ளும் நிலையில் அவருடைய ஸ்கோர் இல்லை.

பாதி என்பது இவ்வளவு: அமைப்பு முடிவாகியிருக்க வேண்டும், ஒரு பகுதி முழுதாக எழுதப்பட்டிருக்க வேண்டும், தீர்வு தெரியாத ஒரு சிக்கலாவது கையில் இருக்கவேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். புதிய இடத்தில் காலையில் எழுந்ததும் கை தானாகப் போய் நிற்க ஒரு சிக்கல் தேவை.

பிறகு கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு வாரம் என்றால் 42 நாள். கடைசி 4 நாள் கட்டி அடுக்கவும் விடைபெறவும் போய்விடும். முதல் 3 நாளில் எழுதக்கூடாது. காரணம் அடுத்த பகுதியில் வருகிறது. நடுவில் ஒருமுறை சளி பிடிக்கும், ஒருமுறை எல்லோரும் எங்காவது கூட்டிச் செல்வார்கள். 4 நாள் கழியுங்கள். மிஞ்சுவது 31 காலைப்பொழுதுகள். வாசித்துக்காட்டும் நிகழ்ச்சி இருந்தால், பார்ட்டுகள் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே எழுதிய தாள்கள்) வாத்தியக்காரர் கைக்கு அதற்கு இரு வாரம் முன்பாவது போய்ச்சேர வேண்டும், அவற்றைத் தயாரிக்க 4 நாள் வேண்டும். இப்படி எண்ணிப் பார்த்தால், எழுதுவதற்கு உண்மையில் 15 காலைகள் இருந்தால் அதிகம். அதற்கு ஏற்ற அளவில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

6. முதல் மூன்று நாட்கள்: அறையைக் கேட்பது

வந்து இறங்கிய இரவே எழுதத் தொடங்கும் ஆவல் எல்லோருக்கும் வரும். பயணக் களைப்பிலும் நேர மாற்றத்திலும் காது சரியாக இருக்காது. அந்த நாட்களில் எழுதியதை நான் ஒருமுறையும் பயன்படுத்தியதில்லை. அதற்குப் பதிலாகச் செய்யவேண்டியவை சில உண்டு.

அறையில் பியானோ இருந்தால் அதன் சுருதியை அளந்து பாருங்கள். ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்பது நம் கைப்பேசிச் செயலிகளின் வழக்கம். ஐரோப்பாவில் பியானோவும் வாத்தியக் குழுக்களும் 442, 443 என்று ஏற்றி வைத்திருப்பது சாதாரணம். 442க்கும் 440க்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 8 செண்ட் (ஒரு செண்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). 443 என்றால் ஏறத்தாழ 12 செண்ட். தனியாகக் கேட்கும்போது தெரியாது. தம்புராச் செயலியையும் பியானோவையும் சேர்த்து ஒலிக்கவிட்டால் பஞ்சமத்தில் உடனே அலையடிக்கும். செயலியின் அடிப்படை எண்ணை முதல் நாளே மாற்றிவிட்டால், பிறகு பதிவு செய்யும் எல்லாம் ஒரே சுருதியில் நிற்கும்.

இரவில் எத்தனை மணி வரை ஒலி எழுப்பலாம் என்பதைக் கேட்டறியுங்கள். பெர்லினில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் அப்படியே. மதியம் தூங்கி இரவில் வேலை செய்யும் பழக்கம் உள்ள நம் ஸ்டுடியோக்காரர்களுக்கு இது கடினம். ஹெட்ஃபோனில் செய்யும் வேலைகளை இரவுக்கு ஒதுக்குங்கள். ஜெர்மனியில் மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர், குடிபுகுந்த இரு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்யவும் வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வங்கிக் கணக்கு முதல் பல வேலைகள் நின்றுபோகும் என்பதால் அலுவலக நேரத்தைப் புறப்படும் முன்பே முன்பதிவு செய்ய முயலுங்கள்.

சைவ உணவு, மோர் சேர்த்துக்கொள்ளலாமா, முட்டை கூடாதா என்பவற்றை வருவதற்கு முன்பே சமையலறைக்குத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சைவம் என்ற ஒரு சொல்லுக்குள் மீன் அடங்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

7. அன்றாட ஒழுங்கும் சென்னையிலிருந்து வரும் அழைப்பும்

ரெசிடென்சியைக் கெடுப்பதில் முதலிடம் ஊரிலிருந்து வரும் வேலைக்குத்தான். சென்னையில் மாலை ஏழரை மணி என்றால் நியூ ஹாம்ப்ஷயரில் குளிர்காலத்தில் காலை ஒன்பது. ஒலிப்பதிவு முடிந்து இயக்குநர் அழைக்கும் நேரம் அங்கே உங்கள் நல்ல எழுதும் நேரம். பின்னணி இசையில் ஒரு சிறு திருத்தம்தான் என்று தொடங்குவது அந்த நாளையே விழுங்கிவிடும். புறப்படும் முன்பே பொறுப்பை ஓர் உதவியாளரிடம் ஒப்படைத்து, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம் மட்டும் பேசுவதாகச் சொல்லிவிடுங்கள். சொன்னபின் அதைக் காப்பாற்றுங்கள். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை மறுக்க முடியாது.

காலை நான்கு மணி நேரம் எழுதுங்கள். மதியத்துக்குப் பின் பார்ட் சரிபார்ப்பு, கடிதம், நடை. டிசம்பரில் பெர்லினில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். இரண்டு மணிக்கு முன்பு வெளியே சென்று வெளிச்சத்தைப் பார்த்துவிடுங்கள். இருட்டு மனத்தை அழுத்துவது பலவீனம் இல்லை, வெயிலில் வளர்ந்த உடம்பு அப்படித்தான் இருக்கும்.

இரவு உணவை எல்லோரோடும் உண்ணுங்கள். ஓவியரும் கவிஞரும் கட்டடக் கலைஞரும் அங்கேதான் இருப்பார்கள். உங்கள் வேலையைப் பற்றி யாராவது கேட்பார்கள். இசை படிக்காத ஒருவருக்கு உங்கள் சிக்கலை மூன்று வாக்கியத்தில் சொல்ல முயலும்போது, எது உண்மையில் சிக்கல் என்பது உங்களுக்கே தெளிவாகும். இதனால் நான் ஒரு முழுப் பகுதியையே நீக்கியிருக்கிறேன்.

8. வாத்தியக்காரர்களோடு: கமகத்தை எழுதும் முறை

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். நம் இசையமைப்பாளர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான்.

முதலில் சுருதி. ஒன்றரைக் கட்டை நம் பாடகர்களுக்கு இயல்பானது; அது சி ஷார்ப். வயலின், வயோலா, செல்லோவின் திறந்த தந்திகள், அதாவது விரல் வைக்காமல் ஒலிக்கும் தந்திகள், சி, ஜி, டி, ஏ, ஈ. ஆதார ஷட்ஜமும் பஞ்சமமும் சி ஷார்ப், ஜி ஷார்ப் என்று விழுந்தால் ஒரு திறந்த தந்தியும் ஒத்து அதிராது. ஒலி மங்கும், விரல்களும் திணறும். பாடகர் இல்லாத படைப்பு என்றால் இரண்டு கட்டைக்கு, அதாவது டிக்கு, ஏற்றிவிடுங்கள். ஷட்ஜம், மத்தியமம், பஞ்சமம் மூன்றும் திறந்த தந்தியாகக் கிடைக்கும். பி ஃப்ளாட் கிளாரினெட்டுக்கு எழுதுவதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிக்கும் என்பதால் அவருடைய பார்ட்டில் அதே ஷட்ஜம் ஈயாக எழுதப்படும்.

அடுத்து கமகம், அதாவது சுரத்தை அசைத்து ஒலிக்கும் முறை. நான் வயோலாவுக்குத் தோடி ராகத்தில் ஒரு பகுதி எழுதியிருந்தேன். ஷட்ஜம் டி, எனவே காந்தாரத்தை எஃப் என்று எழுதி, அதன் மேல் ஓர் அலைக்கோடு போட்டேன். அந்தக் கலைஞர் மிகத் தேர்ந்தவர். அவர் வாசித்தது எஃப்பின் மீது அகலமான விப்ராட்டோ, அதாவது ஒரே சுரத்தைச் சுற்றிய நடுக்கம். அழகாகத்தான் இருந்தது, தோடியாக இல்லை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். இன்னும் அகலமாக வாசித்தார். பிறகு வில்லைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கிருந்து எங்கே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான விடைதான் நொட்டேஷனில் இருந்திருக்க வேண்டும். தோடியின் காந்தாரம் ஒரு நிலைத்த இடம் அல்ல. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஆடும் அசைவு. டி ஷட்ஜத்தில் அது ஈ ஃப்ளாட்டுக்கும் ஜிக்கும் நடுவே. நான் பாடிக்காட்டினேன். அவர் டி தந்தியில் ஒரே விரலால் இழுத்துப் பார்த்தார். நான்காவது முயற்சியில் காந்தாரம் வந்துவிட்டது. அன்று மாலையே பார்ட்டை மாற்றி எழுதினேன்.

அதன்பின் கமகத்தை மூன்று அடுக்காக எழுதுகிறேன். ஐங்கோட்டில், உண்மையில் ஒலிக்கும் சுரங்களைச் சிறு சுரப்புள்ளிகளாக எழுதி, இழுப்புக் கோட்டால் இணைக்கிறேன். எந்தத் தந்தி, எந்த விரல் என்பதையும் எழுதுகிறேன். மேலே தனிச் சிறு வரியில், அந்த அசைவுக்குப் பின்னால் உள்ள ஒற்றைச் சுரம் இருக்கும். வாசிப்பவர் எதைச் சுற்றி அசைகிறோம் என்பதை அறியவேண்டும். மூன்றாவதாக, அதே பகுதியை நானே மெதுவாகப் பாடிய பதிவு, பார்ட்டோடு சேர்ந்து போகும். மூன்றில் ஒன்றை விட்டாலும் ஒத்திகையில் நேரம் கரைகிறது.

தாளத்தில் சிக்கல் குறைவு, தவறு ஒன்றே ஒன்று: தாளத்தின் உட்பிரிவைக் காட்டாமல் எழுதுவது. மிஸ்ர சாபு 7/8தான், ஆனால் 3, 2, 2 என்று கொடிகளைச் சேர்த்து எழுதினால்தான் தகிட தகதிமி கண்ணுக்குத் தெரியும். கண்ட சாபுவை 2, 3 என்று சேருங்கள். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை ஒரே 8/4 பாராக எழுதினால் வாசிப்பவர் இடம் தொலைப்பார். இரண்டு 4/4 பார்களாக எழுதி, இரண்டுக்கு ஒருமுறை ஒத்திகைக் குறி இடுங்கள். கோர்வை (முத்தாய்ப்பாக வரும் தாளக் கோவை) பார்க்கோட்டைத் தாண்டிச் செல்லும் இடங்களில் மேலே அடைப்புக்கோடு போட்டுவிட்டால், முடியும் இடம் எது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பார்ட் அச்சு பற்றி இரண்டே சொற்கள். ஐங்கோட்டின் உயரம் 7 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஏ4 அளவில் செய்த கோப்பை அமெரிக்காவில் அச்சிட்டால் அங்குள்ள லெட்டர் தாள் உயரம் குறைவு என்பதால் அச்சுப்பொறி ஏறத்தாழ 94 சதவீதமாகச் சுருக்கிவிடும். 7 மில்லிமீட்டர் 6.6 ஆகும். பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு இருக்கவேண்டும். ஒரு படைப்புக்கு அரை மணி நேரம்கூட ஒத்திகை கிடைக்காத இடங்கள் உண்டு. அதில் பத்து நிமிடம் பக்கத்தைத் தேடுவதில் போய்விட்டால் இசையைக் கேட்கும் வாய்ப்பையே இழந்துவிடுவீர்கள்.

9. பதிவு, உரிமை, கோப்புகள்

வாசித்துக்காட்டுவதைப் பதிவு செய்யலாமா, அந்தப் பதிவை எங்கே பயன்படுத்தலாம் என்பதை நிகழ்ச்சிக்கு முன் எழுத்தில் பெறுங்கள். மேடையிலிருந்து இறங்கியபின் கேட்டால் வாத்தியக்காரர்களில் ஒருவர் ஊருக்குப் போயிருப்பார்.

பொது நிகழ்ச்சி என்றால் உங்கள் படைப்புக்கு நிகழ்த்துரிமைத் தொகை சேரும். நீங்கள் இந்தியாவின் இசை உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸின் உறுப்பினர் என்றால், ஜெர்மனியில் அதேபோன்ற சங்கமான கேமா வசூலித்ததை உங்கள் சங்கத்தின் வழியே பெற வழியிருக்கிறது. அதற்குப் படைப்பு ஐபிஆர்எஸ்ஸில் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவர் தரும் பட்டியலிலும் அதே தலைப்பு, அதே எழுத்துக்கூட்டலில் உங்கள் பெயர் இருக்கவேண்டும். நம் பெயர்களில் தந்தை பெயரும் முதலெழுத்தும் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக வருவதால் தொகை தேங்கிவிடுகிறது. பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தையே எங்கும் பயன்படுத்துங்கள்.

ஸ்கோர் மென்பொருளின் சொந்தக் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். பல்லாண்டுகளாகப் பலரும் பயன்படுத்திய ஃபினாலே, 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிடிஎஃப், மியூசிக்எக்ஸ்எம்எல் (பிற ஸ்கோர் மென்பொருள்களும் திறக்கக்கூடிய வடிவம்) இரண்டிலும் ஒரு பிரதி எடுத்து, இரண்டையும் வன்வட்டிலும் இணையக் கிடங்கிலும் வையுங்கள்.

10. கடைசி வாரமும் திரும்பிய பின் முதல் பத்து நாட்களும்

கடைசி வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். அந்த அறையில் மட்டுமே செய்யக்கூடியவற்றை முடியுங்கள்: அங்குள்ள பியானோவில் சரிபார்க்கவேண்டிய ஒலியடுக்குகள், அங்குள்ளவர்களோடு எடுக்கவேண்டிய பதிவுகள். மெக்டவல் ஸ்டுடியோக்களில் தங்கியவர்கள் மரப்பலகையில் பெயரும் தேதியும் எழுதிச் செல்வது வழக்கம். எனக்கு முன் அந்த அறையில் இருந்தவர்களின் வரிசையை மெதுவாகப் படித்தபின்தான் நான் பேனாவை எடுத்தேன். அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கார்னெட் எடுத்திருந்தால் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்க முத்திரை பெற மறக்காதீர்கள். முத்திரை இல்லாவிட்டால் கருவி அங்கேயே விற்கப்பட்டதாகக் கருதி வரி கேட்க இடமுண்டு. விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகையில் வரி பிடித்திருந்தால் அதற்கான சான்றையும் கிளம்பும் முன் வாங்குங்கள். ஊரிலிருந்து கடிதம் எழுதிப் பெறுவதற்கு மாதங்கள் ஆகும்.

திரும்பியவுடன் ஒலிப்பதிவுத் தேதி கொடுத்துவிடாமல் பத்து நாளைக் காலியாக வைத்திருங்கள். ஒத்திகையில் கேட்டது காதில் இருக்கும்போதே ஸ்கோரைத் திருத்தியாக வேண்டும். ஒரு மாதம் கழிந்தால் எழுதியது மட்டும் நினைவிருக்கும், ஒலித்தது மறந்துபோகும்.

இதற்கு மிக உதவும் ஒன்றைப் புதியவர்கள் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வாத்தியக்காரர்களிடமிருந்து அவர்கள் வாசித்த பார்ட்டுகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். வில் திசை, மூச்சு எடுக்கும் இடம், வட்டமிட்ட எச்சரிக்கை என்று அவர்கள் பென்சிலில் எழுதிய அனைத்தும், உங்கள் நொட்டேஷன் சொல்லத் தவறியவற்றின் பட்டியல். என் தோடிப் பகுதியின் இப்போதைய அச்சுப் பிரதியில், காந்தாரத்துக்கு மேலே ஈ ஃப்ளாட்டிலிருந்து கிளம்பும் சிறிய வளைந்த அம்புக்குறி ஒன்று இருக்கிறது. அது அந்த வயோலாக் கலைஞர் தமக்காகப் பென்சிலில் போட்டுக்கொண்டது.